லீகல் எயிட்டா, காசு கட்டுவதா? பிரித்தானியாவில் அகதி வழக்குக்கு ஆள் பிடிப்பது பற்றி

"அண்ணை, லீகல் எயிட் சொலிசிற்றர்மார் ஒழுங்கா வேலை செய்யமாட்டினமாம். மூவாயிரம் பவுண் கட்டினா வடிவாச் செய்து தருவினமாம். உண்மையோ?"

போன மாரியில் ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டது இது. லீகல் எயிட் என்றால் காசில்லாதவரின் வழக்குக்கு அரசு காசு கட்டும் முறை. சொலிசிற்றர் என்றால் வழக்கை எழுதி நடத்தும் சட்டத்தரணி. லண்டனுக்கு வந்து ஐந்து வாரம். அசைலம் அடித்தாயிற்று, அதாவது அகதிக் கோரிக்கை கொடுத்தாயிற்று. ஸ்கிறீனிங் என்ற முதல் பதிவு நேர்காணல் முடிந்து, குடிவரவைப் பார்க்கும் அமைச்சான ஹோம் ஒபிஸ் அனுப்பிய நீளமான கேள்விக்கொத்து கையில் இருக்கிறது. அந்த மூவாயிரத்தைக் கொடுக்க மச்சான் தயார். ஆனால் மச்சானும் அதை வட்டிக்குத்தான் எடுக்கவேண்டும்.

நான் வழக்கறிஞன் இல்லை. உரைபெயர்ப்பாளனாகப் பல வருடம் சொலிசிற்றர்மாரின் அறைகளில் நடுக்கதிரையில் இருந்தவன். காசு கட்டுபவர்களின் அறைகளிலும் இருந்திருக்கிறேன், லீகல் எயிட் அறைகளிலும் இருந்திருக்கிறேன். ஒருவருடைய வழக்குக்கு ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஏன் இல்லை என்பது கீழே வரும். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தின் லீகல் எயிட் முறை வேறு, இதைவிடத் தாராளமானது.

நிப்பாட்டினது எது, நிப்பாட்டாதது எது

"லீகல் எயிட்டை எப்பவோ நிப்பாட்டிப்போட்டாங்கள்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது பாதி உண்மை. 2012 இல் வந்த ஒரு சட்டம் 2013 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, குடிவரவு விடயங்களில் பெரும்பகுதி லீகல் எயிட்டிலிருந்து வெட்டப்பட்டது. மனைவியைக் கூப்பிடும் விசா, இருபது வருடம் இங்கே இருந்ததை வைத்துக் கேட்பது, ஏழு வருடம் இங்கே வளர்ந்த பிள்ளையை வைத்துக் கேட்பது எல்லாம் அந்த வெட்டில் போனவை. அகதிக் கோரிக்கை வெட்டுப்படவில்லை. தடுப்புக்காவலை எதிர்ப்பது, ஆட்கடத்தலுக்கு ஆளானவர்களின் வழக்கு, குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவரின் விண்ணப்பம் ஆகியனவும் தப்பின. தனியே வந்த பிள்ளைகளின் குடிவரவு வழக்குகளை 2019 இல் திரும்பச் சேர்த்தார்கள்.

ஆகவே தம்பியின் வழக்குக்கு லீகல் எயிட் உண்டு. அவருக்குக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. வருமானமும் சேமிப்பும் பார்ப்பார்கள். ஆரம்பக் கட்ட உதவிக்குச் சேமிப்பு 8,000 பவுணைத் தாண்டக்கூடாது. ஹோம் ஒபிஸ் தரும் தங்குமிடத்திலும் வாரப் பணத்திலும் இருப்பவருக்கு வருமானச் சிக்கலே இல்லை. தடக்குப்படுவது உறவினர் வீட்டில் இருப்பவர்கள்தான். "என்னட்டக் காசில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. யார் சாப்பாடு போடுகிறார், கைச்செலவுக்கு என்ன தருகிறார் என்று அந்த உறவினர் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். வங்கிக் கணக்கு இருந்தால் அதன் அறிக்கையும் வேண்டும். இந்த ஒரு கடிதம் இல்லாமல் முதல் சந்திப்பிலேயே திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்கள் "எனக்கு லீகல் எயிட் தரமாட்டினமாம்" என்று ஊருக்குச் சொல்வார்கள்.

மூவாயிரத்துக்குள் என்ன அடங்கும்

தம்பியிடம் ஒரேயொரு வேலை சொன்னேன். காசு கேட்ட அந்த அலுவலகத்துக்குத் திரும்ப எடுத்து, மூவாயிரத்துக்குள் உரைபெயர்ப்பாளர் அடங்குமா, மருத்துவ அறிக்கை அடங்குமா, வழக்கு றிஜெக்ட் ஆனால் அப்பீலில் வாதாடும் பரிஸ்டரின் கட்டணம் அடங்குமா என்று கேட்கச் சொன்னேன். மூன்றும் அடங்கவில்லை. மூவாயிரம் என்பது வாக்குமூலம் எழுதி அனுப்புவது வரைக்கும்தான்.

லீகல் எயிட்டின் உண்மையான பெறுமதி இங்கேதான் இருக்கிறது. சொலிசிற்றரின் நேரத்துக்கு மட்டும் அரசு காசு கட்டுவதில்லை. சுயாதீன உரைபெயர்ப்பாளர், ஆவணங்களின் மொழிபெயர்ப்பு, தேவையென்றால் மருத்துவரின் அல்லது நாட்டு நிலைமை தெரிந்த நிபுணரின் அறிக்கை, அப்பீலில் வாதாடும் ஆள் எல்லாமே அந்தப் பையிலிருந்து போகும். அதற்கு மேல் உங்களிடம் ஒரு பென்ஸ்கூட வாங்கக்கூடாது. லீகல் எயிட்டில் வழக்கை எடுத்துக்கொண்டு "மேலதிகமா ஐந்நூறு தாங்கோ, கவனமாச் செய்யிறம்" என்று யாராவது கேட்டால், அது கவனத்துக்கான விலை இல்லை, விதிமீறல்.

மருத்துவ அறிக்கையைப் பெரிதுபடுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கைக் கேட்டது. முதுகிலும் கையிலும் சூடு வைத்த தழும்புகள். இங்கே அகதி அந்தஸ்து எடுப்பதற்காக வேறொருவரைக் கொண்டு தானே சூடு வைப்பித்திருக்கலாம் என்று கீழ்த் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. தழும்பு எப்படி வந்திருக்கும் என்று ஆராய்ந்து சொல்வதும் மருத்துவரின் வேலைக்குள் அடங்கும் என்றது. அந்த வழக்கின் முள்ளந்தண்டே ஒரு மருத்துவ அறிக்கைதான். அப்படியான அறிக்கை எழுதும் ஃபிரீடம் ஃபுறொம் ரோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேசன் போன்ற தொண்டு நிறுவனங்களுக்கு, பொதுவாக வழக்கை நடத்தும் சட்டப் பிரதிநிதிதான் எழுதிக் கேட்கவேண்டும். காசு கட்டுபவருக்கும் இது பொருந்தும். ஆனால் மூவாயிரத்துக்கு வாக்குமூலம் மட்டும் எழுதித் தருபவர் அந்தக் கடிதங்களை எழுதி, ஞாபகமூட்டி, காத்திருந்து வாங்குவாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தரம் பற்றிய பேச்சுக்கு வருவோம். பலருக்குத் தெரியாத ஒன்று: லீகல் எயிட்டில் அகதி வழக்குச் செய்பவர் சொலிசிற்றர்மாரின் சட்டச் சங்கத்தின் குடிவரவு, அகதிச் சட்டத் தகுதித் தேர்வில் சித்தியடைந்திருக்கவேண்டும். அவருடைய கோப்புகளையும் லீகல் எயிட் நிறுவனம் அவ்வப்போது எடுத்துப் பார்க்கும். காசுக்குச் செய்யும் சொலிசிற்றருக்கு அந்தத் தேர்வு கட்டாயம் இல்லை. நேற்று வரைக்கும் வீடு வாங்கி விற்கும் பத்திரம் எழுதியவர் இன்று அசைலம் கேஸ் எடுக்கலாம், சட்டம் தடுக்காது. காசுக்குச் செய்பவர்களில் மிகத் திறமையானவர்களும் இருக்கிறார்கள், லீகல் எயிட்டில் அசட்டையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காசு கட்டினால் தரம் தானாக வரும் என்ற கணக்குப் பிழை.

அப்படியென்றால் "லீகல் எயிட்காரர் வேலை செய்யமாட்டினம்" என்ற கதை எங்கிருந்து வந்தது? கட்டணத்திலிருந்து. ஓர் அகதிக் கோரிக்கையின் ஆரம்பக் கட்டம் முழுவதற்கும் நீண்ட காலமாக அரசு கொடுத்த நிலையான தொகை 413 பவுண். அதற்குள் ஒருவரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதவேண்டும். நல்ல அலுவலகங்கள் சில நட்டத்தில் ஓடி இந்த வேலையையே விட்டுவிட்டன. மிஞ்சியவை நிரம்பி வழிகின்றன. தென்மேற்கு இங்கிலாந்து போன்ற பகுதிகளில் ஹோம் ஒபிஸ் ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைக்கும், சொலிசிற்றர் கிடைக்கமாட்டார். எடுத்த சொலிசிற்றருக்கும் உங்களைத் திரும்ப அழைக்க நேரம் இருக்காது. பதில் வராத மின்னஞ்சலைப் பார்த்து "இவை வேலை செய்யினமில்லை" என்று தோன்றுவது இயல்புதான். அடிக்கடி கோப்பில் வேலை நடந்துகொண்டிருக்கும், உங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. சிலவேளை உண்மையாகவே ஒன்றும் நடந்திராது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி, உங்கள் வாக்குமூலத்தின் வரைவைக் கேட்டு வாங்கி, அதை யாராவது தமிழில் உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா என்று பார்ப்பது.

காசு கட்டுவதால் உண்மையில் வாங்கக்கூடியவை இரண்டு மூன்று இருக்கின்றன. வயதுவந்தவரின் அகதி இன்ரவியூவுக்கு சொலிசிற்றர் கூட வருவதற்குப் பொதுவாக லீகல் எயிட் காசு தராது. பிள்ளைகளுக்கும் மனநிலையால் தம் வழக்கைத் தாமே கொண்டு நடத்த முடியாதவர்களுக்கும் விதிவிலக்கு உண்டு. காசு கட்டினால் ஆள் கூட வருவார். அடுத்தது வேகம். இன்றைக்கு எடுத்து நாளைக்குச் சந்திக்கலாம். மூன்றாவது மொழி: தமிழ் பேசும் சொலிசிற்றர் கிடைப்பார்.

மூன்றாவதை நான் அவ்வளவு பெரிய அனுகூலமாக எண்ணுவதில்லை. இலங்கையில் தடுப்பில் தனக்கு நடந்த பாலியல் சித்திரவதையைச் சொல்ல ஒரு பெண் தயங்குவார், ஆணும் தயங்குவார். கேட்பவர் தமிழர், அவருடைய மாமியார் எங்கள் ஊர் என்றால் அந்தத் தயக்கம் பல மடங்காகும். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரச் சொலிசிற்றரிடமும், மலையகத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த அறிமுகமில்லாத உரைபெயர்ப்பாளரிடமும் கொட்டித் தீர்த்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். சொந்த மச்சானை உரைபெயர்க்கக் கூட்டிக்கொண்டு வந்து பாதிக் கதையை விழுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். விழுங்கிய பாதி பின்னால் அப்பீலில் வெளியே வரும்போது, "இதை ஏன் முதலே சொல்லவில்லை?" என்ற கேள்வியோடுதான் வரும்.

தொண்டு நிறுவனம், சட்ட மையம், பல்கலைக்கழகம்

சட்ட மையம் என்பது வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் உள்ளூர் அமைப்பு. முதலாவது லண்டனின் வட கென்சிங்டனில் 1970 இல் தொடங்கியது. இன்று பல நகரங்களில் இருக்கின்றன. இவற்றில் சில லீகல் எயிட் ஒப்பந்தம் வைத்திருப்பவை. அவை வேறு பெயரில் லீகல் எயிட் சொலிசிற்றர்தான். லண்டனின் அசைலம் எயிட், மன்செஸ்டர்ப் பக்கத்தில் கிறேற்றர் மன்செஸ்டர் இமிகிறேசன் எயிட் யூனிற் போன்றவை அகதி வழக்கையே தொழிலாகக் கொண்டவை. நான் உரைபெயர்த்த அறைகளில் மிக நீளமான, மிகப் பொறுமையான வாக்குமூலங்கள் எழுதப்பட்டது இப்படியான இடங்களில்தான். சில அமைப்புகள் ஒரு வகை ஆட்களுக்கு மட்டும்: தன்பாலீர்ப்பாளர்களுக்கு றெயின்போ மைகிறேசன், தடுப்பில் இருப்பவர்களின் பெயில் வழக்குக்கு பெயில் ஃபோர் இமிகிறேசன் டிற்றெய்னீஸ்.

இவற்றின் குறை, கதவு எப்போதும் திறந்திருக்காது என்பது. ஒரு நாளைக்கு ஒரு மணிநேரம் தொலைபேசி எடுப்பார்கள். தபால் குறியீட்டைக் கேட்டு, "உங்கள் பகுதி எங்கள் எல்லைக்குள் இல்லை" என்பார்கள். காத்திருப்போர் பட்டியல் இருக்கும். கேஸ் ஒருமுறை தோற்று, அப்பீல் உரிமையெல்லாம் முடிந்து, புதிய ஆதாரங்களோடு 'ஃபிறெஷ் கிளெய்ம்' போடும் நிலையில் இருப்பவருக்கு அந்தப் பட்டியலில் காத்திருப்பது பலன் தரும். அந்த வேலைக்கு மாதக்கணக்கில் ஆதாரம் திரட்டவேண்டும், நிலையான கட்டணத்துக்குள் அது அடங்காது, கொடைப்பணத்தில் ஓடும் அமைப்புதான் அதற்கு நேரம் ஒதுக்கும். கையில் றிஜெக்ட் கடிதத்தோடு இருப்பவர் அந்தப் பட்டியலில் மட்டும் பெயரைப் போட்டுவிட்டு இருந்தால் அப்பீல் போடவேண்டிய நாள் தப்பிவிடும்.

பல்கலைக்கழகங்களின் சட்ட உதவி மையங்களில் மேற்பார்வையாளரின் கீழ் மாணவர்கள் வேலை செய்வார்கள். கவனமாகச் செய்வார்கள், ஆனால் விடுமுறை வரும். குடும்ப விசா, கட்டண விலக்கு, கடிதம் எழுதுவது போன்றவற்றுக்கு நல்ல இடம். அப்பீல் விசாரணைக்கு வாதாட ஆள் மட்டும் இல்லையென்றால் 'அட்வகேற்' என்ற அமைப்பு பரிஸ்டர்மாரை இலவசமாக ஒழுங்கு செய்து பார்க்கும். யாராவது எடுப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை, விசாரணைக்கு நாள் நிறைய இருக்கும்போதே விண்ணப்பிக்கவேண்டும்.

கோயில் மண்டபத்தில் கேஸ் எழுதுபவர்

இவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விடக்கூடாது. எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதராகவும் இருப்பார், காசும் வாங்கமாட்டார் அல்லது நூறு இருநூறு வாங்குவார். இருபது பேருக்கு எழுதிய கதையை இருபத்தோராவது ஆளுக்கும் பெயர் மாற்றி எழுதித் தருவார். ஒரே வசனங்களை ஹோம் ஒபிஸும் இருபது தரம் வாசித்திருக்கும்.

1999 ஆம் ஆண்டின் குடிவரவு, அகதிச் சட்டப்படி பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றம். இலவசமாகச் செய்தாலும் விலக்கில்லை. சொலிசிற்றர்மார், பரிஸ்டர்மார் அல்லாத ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பு 2025 ஜனவரியிலிருந்து 'இமிகிறேசன் அட்வைஸ் ஒதோறிற்றி' என்ற பெயரில் இயங்குகிறது. பழைய பெயர் ஓ.ஐ.எஸ்.சி. பதிவில் மூன்று தரங்கள். முதல் தரத்தில் இருப்பவர் அகதி வழக்கைத் தொடவே முடியாது. இரண்டாம் தரம் கோரிக்கையைச் செய்யலாம். தீர்ப்பாயத்தில் நின்று வாதாட மூன்றாம் தரம் வேண்டும். சுவரில் சான்றிதழ் தொங்குகிறது என்று ஏமாறவேண்டாம், எத்தனையாம் தரம் என்று பாருங்கள். பெயரை அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

முதல்முறை யார் எழுதுகிறார் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், 2002 இல் வந்த ஒரு தீர்ப்பு. அதுவும் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்குத்தான். முதல் அப்பீலில் ஒரு நீதிபதி என்ன நம்பினார், எதை நம்பவில்லை என்பதே அடுத்த நீதிபதிக்குத் தொடக்கப் புள்ளி என்று அந்தத் தீர்ப்பு விதித்தது. முதல் வழக்கில் "இவர் சொல்வது பொய்" என்று எழுதப்பட்டால், பத்து வருடம் கழித்து எவ்வளவு பெரிய சொலிசிற்றரைப் பிடித்தாலும் அந்த வரியிலிருந்துதான் தொடங்கவேண்டும். 2022 ஜூன் 28 அன்றோ அதற்குப் பிறகோ அடித்த அசைலம் என்றால் சுமை இன்னும் கூடியிருக்கிறது. பயத்துக்குக் காரணமாகச் சொல்லும் சம்பவங்கள் நடந்திருக்க 'நியாயமான வாய்ப்பு' உண்டு என்று காட்டினால் முன்பு போதும். இப்போது நடந்திருக்கவே கூடுதல் சாத்தியம் என்று காட்டவேண்டும்.

எந்தக் கட்டத்தில் யார்

இன்ரவியூ வர முன்னர் இருப்பவருக்கு என் தெரிவு ஐயமில்லாமல் லீகல் எயிட். கிடைக்க நாளெடுத்தாலும் தேடவேண்டும். அரசின் 'சட்ட ஆலோசகரைத் தேடுக' பக்கத்தில் தபால் குறியீட்டைப் போட்டு, குடிவரவு, அகதிப் பிரிவைத் தெரிவுசெய்தால் ஒப்பந்தம் உள்ள அலுவலகங்கள் வரும். ஹோம் ஒபிஸுக்காக மைகிறன்ற் ஹெல்ப் நடத்தும் இலவசத் தொலைபேசியிலும் பட்டியல் கேட்கலாம், தமிழ் உரைபெயர்ப்பாளரைத் தருவார்கள். ஆனால் அவர்கள் வழக்கை நடத்துபவர்கள் அல்லர். பக்கத்து ஊரில் இடமில்லையென்றால் தூரத்து ஊருக்கும் எடுங்கள், இப்போது பல அலுவலகங்கள் வீடியோவில் வேலை செய்கின்றன. கேள்விக்கொத்துக்கு நாள் நெருங்கினால் அவகாசம் கேட்டு எழுதலாம். "சொலிசிற்றர் தேடுகிறேன், இந்த இந்த அலுவலகங்களுக்கு இந்த இந்தத் திகதியில் எடுத்தேன்" என்று குறித்து வைத்திருப்பது அப்போது உதவும்.

கிடைத்தவுடன் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை எங்கள் ஆட்களுக்கு நான் எப்போதும் சொல்லிக்கொடுப்பேன்: "இலங்கை வழக்குக்கு இப்ப எந்தத் தீர்ப்பை வழிகாட்டியாப் பார்க்கினம்?" 2013 இல் ஒரு வழிகாட்டித் தீர்ப்பு வந்தது, போர் முடிந்தபின் திரும்பிப் போகிறவர்களுக்கு என்ன ஆபத்து என்பது பற்றியது. 2021 மே மாதம் மேல் தீர்ப்பாயம் இன்னொன்று கொடுத்தது, இங்கே இருந்துகொண்டு தமிழ்ப் பிரிவினைக்காகச் செயற்படுபவர்களின் நிலை பற்றியது. ஊர்வலத்துக்குப் போன படத்தை மட்டும் கொண்டுபோனால் போதாது, அந்தச் செயற்பாடுகளில் உங்கள் பங்கு எவ்வளவு கனமானது என்று பல காரணிகளை வைத்துப் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் கேள்விப்படாதவர் முன்னால் இருந்தால், அவர் காசு வாங்குபவராக இருந்தாலும் வாங்காதவராக இருந்தாலும் எழும்பிவிடுங்கள்.

றிஜெக்ட் ஆனால் கணக்கு மாறும். நாட்டுக்குள் இருந்து அப்பீல் போட, முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்கள். லீகல் எயிட் சொலிசிற்றர் இங்கே ஒரு சோதனை வைக்கவேண்டும்: வெல்ல 50 சதவீத வாய்ப்பாவது இருக்கிறதா? இந்தச் சோதனையைப் பலர் கடைசி நாட்களில்தான் செய்து, பதினோராம் நாள் "எங்களால் தொடரமுடியாது" என்று கடிதம் அனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் கடன்பட்டுக் காசு சொலிசிற்றரிடம் ஓடுவது அந்த மூன்று நாளில்தான். ஓட முன் இரண்டு விடயம். ஒன்று, அப்பீல் படிவத்தை நீங்களே இணையத்தில் நிரப்பி அனுப்பலாம். விசாரணையோடு கூடிய அப்பீலுக்கு 140 பவுண், ஹோம் ஒபிஸ் தரும் தங்குமிட, பண உதவியான அசைலம் சப்போட்டில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. வாதங்களெல்லாம் பின்னால் வரும், இப்போது நாள் தப்பாமல் இருந்தால் போதும். மற்றது, வாய்ப்புக் குறைவு என்று மறுக்கும் சொலிசிற்றர் அந்த முடிவை மறுபரிசீலிக்கக் கேட்கும் சி.டபிள்யூ.4 என்ற படிவத்தைத் தரவேண்டும். அகதி வழக்கு எல்லைக்கோட்டில் இருந்தால்கூட லீகல் எயிட் கொடுக்க இடமுண்டு, 50 என்பது இரும்பு வேலி அல்ல. றைற் ரு றிமெய்ன் என்ற அமைப்பின் இணைய வழிகாட்டி இந்தக் கட்டத்தில் நல்ல துணை. வாக்குமூலம் எழுதுவதை மட்டும் வழிகாட்டியை வைத்துக்கொண்டு தனியே செய்யாதீர்கள்.

காசு கொடுப்பதை நான் நியாயம் என்று சொல்லும் இடமும் இந்தக் கட்டம்தான். லீகல் எயிட் ஆள் கிடைக்கவே இல்லை, விசாரணைக்குத் திகதி வந்துவிட்டது என்றால் நல்ல பரிஸ்டருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. எதுவரைக்கும் என்ற எல்லையை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

தடுப்பில் பிடித்துப் போட்டால் வெளியே இருக்கும் உறவினர் செய்யும் முதல் வேலை காசு சேர்ப்பது. அதற்கு முன் உள்ளே இருப்பவரிடம் நூலகத்திலோ நலன்புரி அலுவலகத்திலோ பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். குடிவரவுத் தடுப்பு நிலையங்களில் வருமானம் எதுவும் பார்க்காமல் 30 நிமிட இலவசச் சட்ட ஆலோசனைக்கு முறை இருக்கிறது, அதிலிருந்து வழக்கை எடுக்கவும் செய்வார்கள்.

வெட்டுப்பட்ட வகை வழக்குகளுக்கு, அதாவது குடும்பம், பிள்ளை, நீண்டகால வாழ்வு என்பவற்றுக்கு, 'விதிவிலக்கு நிதி' என்று ஒரு பின்கதவு உண்டு. ஆரம்பத்தில் அதை மிக இறுக்கமாக வைத்திருந்தார்கள். 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த இறுக்கம் சட்டவிரோதம் என்றது. இப்போது குடிவரவு விடயங்களில் கேட்பவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. சொலிசிற்றர் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைத்தபின் அந்த நிதியில் வேலை செய்ய ஒரு சொலிசிற்றரைத் தேடவேண்டும், சிரமம் அங்கேதான். ஆனாலும் இரண்டாயிரம் மூவாயிரம் கடன்பட முன் இதைக் கேட்டுப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்! சொலிசிற்றர்மாரும் எல்லோரும் தாமாகச் சொல்வதில்லை.

இருக்கும் சொலிசிற்றரை மாற்றுவது பற்றியும் கேட்பார்கள். லீகல் எயிட்டில் காரணமில்லாமல் மாறமுடியாது, புதியவர் ஏன் என்று கேட்டுப் பதியவேண்டும். கோப்பு உங்களுடையது, பிரதி கேட்டு வாங்கலாம். ஹோம் ஒபிஸிடம் உள்ள உங்கள் பதிவுகளையும் இலவசமாகக் கேட்டு எடுக்கலாம். பழைய சொலிசிற்றர் கெடுத்துவிட்டார் என்று பின்னால் தீர்ப்பாயத்தில் சொல்லப்போகிறீர்கள் என்றால் அவர்மேல் முறைப்பாடு செய்திருக்கவேண்டும். முறைப்பாடு இல்லாத குற்றச்சாட்டை நீதிபதிகள் இலகுவில் எடுப்பதில்லை.

தம்பி ஒன்பது இடத்துக்கு எடுத்தார். ஏழில் இடமில்லை என்றார்கள், ஒன்றில் யாரும் எடுக்கவில்லை. ஒன்பதாவது, அவர் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மணிநேர ரயில் தூரத்தில் இருந்த ஒரு சட்ட மையம், மூன்று வாரம் கழித்து நாள் கொடுத்தது. கேள்விக்கொத்துக்கு அவகாசம் கேட்டு எழுதினார், கிடைத்தது. மச்சான் அந்த மூவாயிரத்தை எடுக்கவில்லை. தங்களோடு இருப்பதாகவும் சாப்பாடு தாங்களே போடுவதாகவும் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தார். முதல் சந்திப்புக்குப் போகும்போது, உரைபெயர்க்கத் தானும் வரட்டோ என்று மச்சான் கேட்டிருக்கிறார். "வேண்டாம், அங்க ஆள் இருக்குதாம்" என்று சொல்லிவிட்டுத் தம்பி தனியே ரயில் ஏறினார்.